நாய் வாலை ஆட்டினால் நட்பா?

"கடிக்காது, பயப்படாதீர்கள், வாலை ஆட்டுகிறது பாருங்கள்" என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உயர்த்திய வால் விறைப்பாக, சிறு வீச்சில் வேகமாக ஆடினால் அது வரவேற்பு அல்ல. உள்ளே ஏறிக்கொண்டிருக்கும் பதற்றம்.

எங்கள் நாய் வேறு நாயைக் கண்டால் கயிற்றை இழுத்துக்கொண்டு குரைத்துத் தள்ளும். ஆக்ரோஷம் என்றே முடிவு கட்டியிருந்தேன். ஒருநாள் குனிந்து கவனித்தபோதுதான் தெரிந்தது: குரைப்பதற்கு முன்பே வாய் இறுக மூடிக்கொள்கிறது, நாக்கு ஒருமுறை மூக்கை நக்குகிறது, கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறைபோலத் தெரிகிறது. உடல் எடை முழுவதும் பின்னங்கால்களில். பயந்த பிள்ளை 'கிட்டே வராதே' என்று கத்துவது போலத்தான். 20 அடி தள்ளி நின்றால் அதே நாய் தரையை மோந்துகொண்டு சாவகாசமாக நடக்கிறது. நானோ கயிற்றைச் சுண்டிச் சுண்டிப் பயத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன்!

அதற்காகப் பயந்த நாய் கடிக்காது என்று அர்த்தமில்லை. ஒதுங்க வழியில்லாவிட்டால் கடித்துவிடும். குரைப்பைவிட நான் அஞ்சுவது, உணவுத் தட்டின் மேல் சட்டென்று உறைந்து நின்று ஓரக்கண்ணால் முறைக்கும் அந்த ஒரு விநாடியைத்தான். உறுமினால் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. அடி வாங்கிய நாய் உறுமலை விட்டுவிடலாம், கடியை விடாது.

சாதுவாக இருந்த நாய் திடீரென்று பாய்ந்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதிலோ மூட்டிலோ வலி இருக்கலாம். முன்பு எங்களிடம் இருந்த கிழநாய்க்குக் கடைவாய்ப் பல்தான் காரணம்.