ஒரே வரியில் இரண்டு பெயர்கள்

லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) குறுக்கீடுகளை, அதாவது சாதனங்கள் சிபியூவின் கவனத்தைக் கேட்டு அனுப்பும் சைகைகளைக் காட்டும் அட்டவணையில் இடது ஓரம் குறுக்கீட்டு எண், நடுவில் ஒவ்வொரு சிபியூவுக்கும் ஓர் எண்ணிக்கை, வலது ஓரம் டிரைவரின், அதாவது சாதனத்தை இயக்கும் நிரலின் பெயர். அதைத் தவறாகப் படித்து இரண்டு நாட்களை வீணடித்திருக்கிறேன்.

நான் டிரைவர் எழுதிய அளவீட்டு அட்டை, யூஎஸ்பி கட்டுப்படுத்தியோடு 17ஆம் குறுக்கீட்டுத் தடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தது. சில மணி நேரம் ஒழுங்காக ஓடும். திடீரென்று விசைப்பலகை செத்துப்போகும். 17ஐ யாரும் கண்டுகொள்ளவில்லை என்று கெர்னல் புலம்பியிருக்கும். ஒரு தடத்தில் வரும் 1,00,000 குறுக்கீடுகளில் 99,900க்கு மேற்பட்டவற்றை எந்த டிரைவரும் தன்னுடையது என்று ஏற்காவிட்டால், கெர்னல் அந்தத் தடத்தையே அடைத்துவிடும். அடைத்தால் குற்றவாளிக்கும் அப்பாவிக்கும் சேர்த்துத்தான். செத்தது விசைப்பலகை என்பதால் யூஎஸ்பியின் தலையில் பழியைப் போட்டேன். அட்டவணையிலோ காற்புள்ளியிட்டு இரண்டு பெயர்கள், எண்ணிக்கை ஒன்றுதான். அது தடத்தின் கணக்கு, ஆளின் கணக்கு அல்ல.

பிறகு, குறுக்கீட்டைக் கையாளும் நிரலுக்குள்ளேயே செய்தி அச்சிடும் வரியைச் செருகினேன். (சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.) அந்தச் செய்திகள் போகும் சீரியல் கன்சோல் 115200 பாட் வேகத்தில் வினாடிக்கு 11,520 எழுத்துகளைத்தான் அனுப்பும். 60 எழுத்து வரிக்கு ஐந்து மில்லிவினாடிக்கு மேல் ஆகும். இயந்திரம் உறைந்துபோனது.

அப்புறம்தான் கெர்னல் செய்வதைப் பின்பற்றினேன். அங்கே ஒவ்வொரு சிபியூவும் பூட்டு எதுவும் இல்லாமல் தன் எண்ணியை மட்டும் கூட்டிக்கொண்டு போகும். யாராவது கேட்கும்போதுதான் அட்டவணை எழுதப்படும். அதே முறையில் இரண்டு டிரைவர்களிலும் 'ஏற்றது', 'மறுத்தது' என எண்ணிகள் வைத்தேன். தடம் அடைபட்ட பிறகு பார்த்தால், மறுத்த எண்ணிக்கை இருவருக்கும் ஏறக்குறைய சமம்! இருவருமே கைகழுவினால் அப்படித்தானே வரும்.

நல்லவேளையாக மூன்றாவதாக ஒரு கட்டமும் சேர்த்திருந்தேன்: மறுத்தபோது கடைசியாகப் படித்த நிலைப் பதிவகத்தின் (சாதனம் தன் நிலையைக் குறித்து வைக்கும் இடம்) மதிப்பு. யூஎஸ்பிக்கு நேரே பூச்சியம். என் அட்டைக்கு நேரே இடையகம் (தரவு தற்காலிகமாகத் தங்கும் நினைவகம்) நிரம்பி வழிந்ததைச் சொல்லும் பிட் ஏறியிருந்தது. அந்த நிலையை நான் சோதிக்கவே இல்லை. அட்டை விடாமல் கதவைத் தட்ட, என் நிரல் ஒவ்வொரு முறையும் 'எனக்கில்லை' என்று பதில் சொல்லியிருக்கிறது.

திருத்தம் இரண்டே வரிகள். யூஎஸ்பி டிரைவரில் செருகியதை எடுத்துவிட்டேன். என் டிரைவரின் எண்ணிகள் இன்றும் அங்கேயே இருக்கின்றன.