பனிக்குள் ஓர் எரிமலை

பெயரில் மட்டுமே மலையைக் கொண்ட கீரிமலைக்கு அருகில், பங்குனி வெயிலில் வேப்பமர நிழலிலிருந்து அந்தாட்டிக்காவின் எரெபஸ் எரிமலையைப் பற்றி வாசிப்பது எனக்கொரு தனிச் சுகம். 3,794 மீற்றர் உயரமான அம்மலை புகை கக்குவதை 1841இல் கண்ட ஜேம்ஸ் கிளார்க் ரொஸ், தமது கப்பலின் பெயரையே அதற்குச் சூட்டினார். அக்கப்பலோ பின்னர் மறுதுருவத்துப் பனியில் அகப்பட்டு அழிந்தது. 1908 மார்ச்சில், துருவ ஆய்வுப் பயணியான ஷாக்கிள்டனின் குழுவைச் சேர்ந்தோர், ஐம்பது வயதான பேராசிரியர் எட்ஜ்வேர்த் டேவிட்டின் தலைமையில், முதன்முதலாக உச்சியை அடைந்தனர். உடன்சென்ற இளைஞர் ஒருவரின் உறைந்த கால்விரலைப் பின்னர் வெட்டியகற்ற நேர்ந்தது. 1979 நவம்பர் 28இல் சுற்றுலா விமானமொன்று, முகிலும் பனி மூடிய மலைச்சரிவும் ஒரே வெண்மையாய்த் தோன்றிய வேளையில், அம்மலையில் மோதியதால் 257 பேரும் இறந்தனர். பனி உருகும் காலங்களில் அவ்விமானத்தின் சிதைவுகள் இன்றும் வெளித்தெரிகின்றன.