மூன்று துப்பாக்கிகள், ஒரு கையெழுத்து

சின்ன வயதில் எங்கள் ஊரில் நான் பார்த்த ஒரே துப்பாக்கி, வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலாளியின் இரட்டைக் குழல். அது சுடுமா என்பதே எங்களுக்குச் சந்தேகம். அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சமூகப் பணியாளராகச் சேர்ந்த பிறகு, தினமும் நாலைந்து பேரிடமாவது “வீட்டில் துப்பாக்கி இருக்கா?” என்று கேட்கிறேன். சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா என்பது மாதிரி அதுவும் வாயில் வந்துவிடுகிறது.

ஒரு நவம்பர் இரவில் ஒருவரை அவர் மனைவி அழைத்து வந்தார். செசபீக் வளைகுடாவில் நண்டு பிடித்து ஓய்ந்தவர். மகன் போன பிறகு குடி கூடிவிட்டது. அன்று மாலை மனைவியிடம் விடைபெறுவதுபோலப் பேசியிருக்கிறார். வீட்டில் மூன்று துப்பாக்கிகள். ஒன்று, அவருடைய அப்பா காட்டு வாத்து வேட்டைக்கு வைத்திருந்தது.

“மச்சினர் வீட்டில் கொஞ்ச நாள் கொடுத்து வைக்கலாமே” என்றேன். பெரும்பாலும் இந்தப் பேச்சிலேயே காரியம் முடிந்துவிடும். அவர் மசியவில்லை. விடிந்ததும் போதை தெளிந்து நிதானமாகப் பேசினார். கட்டாயப்படுத்தி வைத்துக்கொள்ளும் அளவுக்கு இல்லை என்றார் மருத்துவர்.

மிச்சம் இருந்தது ரெட் ஃப்ளாக் சட்டம்: தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவால் துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைப்பது. கனெக்டிகட் 1999லேயே கொண்டுவந்தது. 2018 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் பார்க்லாந்து பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் 17 பேர் பலியான பிறகு பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன; மேரிலாந்தில் அதே ஆண்டு அக்டோபரில் அமலுக்கு வந்தது. இங்கே குடும்பத்தாரும் போலீசும் மட்டுமல்ல, பரிசோதித்த மருத்துவரோ என்னைப் போன்றவரோகூட மனு போடலாம்.

“நான் போட்டால் அந்த வீட்டில் எப்படி இருப்பேன்?” என்றார் மனைவி. சரி, நானே போடுகிறேன் என்றேன்.

எத்தனை துப்பாக்கி, என்ன வகை, வீட்டில் எங்கே என்று படிவம் கேட்கிறது. அந்த அம்மா குரலைத் தாழ்த்திச் சொல்லச் சொல்ல எழுதினேன்: படுக்கையறை அலமாரி, படகுக் கொட்டகை. காட்டிக்கொடுப்பவன் மாதிரி கூசியது.

குற்றம் செய்யாதவனின் பொருளை, அவன் பக்கம் கேட்காமலே முதல் உத்தரவில் பறிக்கலாமா என்பது எதிர்ப்பாளர்கள் கேள்வி. துப்பாக்கிக் கடைக்காரர் பேச்சு என்று அதுவரை தள்ளிவிடுவேன். பேனாவைப் பிடித்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது. சட்டம் வந்த அடுத்த மாதமே, இதே மாநிலத்தின் ஆன் அருண்டெல் கவுண்டியில் விடியற்காலையில் இந்த உத்தரவைக் கொடுக்கப் போன போலீஸ், கதவைத் திறந்தவரையே சுட்டுக் கொல்லும்படி ஆனது. ஓக்லஹோமா 2020ல் இத்தகைய சட்டமே கூடாது என்று தனிச் சட்டம் போட்டது. 2024ல் ரஹிமி வழக்கில், பிறருக்கு ஆபத்து என்று நீதிமன்றம் கண்டவரின் ஆயுதத்தைத் தற்காலிகமாக விலக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 8-1 எனச் சொல்லிவிட்டது. அது குடும்ப வன்முறை வழக்கு. தனக்கே ஆபத்தானவரைப் பற்றிய சண்டை ஓயவில்லை.

டிவி விவாதங்களில் பள்ளிகளும் பேரங்காடிகளும்தான் வரும். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. என் மேஜைக்கு வருவது அந்தப் பாதி. அதனால் இன்றும் கையெழுத்துப் போடுவேன். கொலராடோவில் வக்கீல் இல்லாதவருக்கு நீதிமன்றமே ஒருவரைத் தருகிறது. இவர் விசாரணைக்குத் தனியாக வந்து நின்றார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நீதிபதி ஒரு வருடம் போட்டார். வராந்தாவில் அவர் என்னைப் பார்க்கவில்லை. விரல்களை மடக்கி மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

“இந்த வாத்து சீசன் போச்சு” என்றார் மனைவியிடம்.

“அடுத்த சீசனுக்கு இருப்பீங்க” என்று அந்த அம்மா அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டார்.