தலைவலியிலிருந்து முதல் ஸ்டீராய்டு வரை 18 நாட்கள்

என் தங்கைக்கு அப்போது 22 வயது. தலைவலி, லேசான காய்ச்சல் என்று மூன்று நாள் படுத்திருந்தாள். காய்ச்சல் விட்டது, ஆனால் தூக்கம் போய்விட்டது. ஆறாம் நாள் விடிய விடிய அறைக்குள் நடந்துகொண்டே இருந்தாள். எட்டாம் நாள், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொல்லி, போனைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தாள். அதற்கு முன் மனநலம் தொடர்பான எந்தச் சிக்கலும் இருந்ததில்லை. முதலில் பார்த்த மருத்துவர் படிப்புச் சுமை என்றார். நாங்களும் அதைத்தான் நம்ப விரும்பினோம்.

பத்தாம் நாள் மனநலப் பிரிவில் சேர்த்தோம். அன்றே ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். ஷிப்ட் மாறும்போதெல்லாம் வேறு வேறு டாக்டர் வந்து அதே கேள்விகளைக் கேட்டார்கள். நான் ஒவ்வொரு முறையும் நாட்களை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் நோட்டு. தேதி, நேரம், என்ன பார்த்தேன், அவ்வளவுதான். எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதவில்லை.

பன்னிரண்டாம் நாள் மனநோய்க்கான ஊசி போட்டார்கள். சில மணி நேரத்தில் உடம்பு விறைத்தது, மறுபடி காய்ச்சல். பதின்மூன்றாம் நாள் நோட்டில் இப்படி இருக்கிறது: "இரவு 2.10 முதல் 2.40 வரை உதடு தானாக அசைகிறது. எதையோ மெல்லுவது போல. நாக்கு வெளியே வந்து வந்து போகிறது. பேச்சு ரொம்பக் குறைந்துவிட்டது. வலது கையைத் தூக்கிவிட்டேன், நான் இறக்கிவிடும் வரை அப்படியே நின்றது."

மறுநாள் காலையில் மனநல மருத்துவர் அந்தப் பக்கத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தார். "இது வெறும் மனநோய் மாதிரி தெரியலம்மா. நரம்பு டாக்டரை இன்னிக்கே கூப்பிடறேன்" என்றார். தன் வார்டில் இருக்கும் நோயாளியைப் பற்றி இது என் துறை மட்டும் இல்லை என்று உடனே சொல்ல ஒரு மனசு வேண்டும். அவருக்கு நாங்கள் பட்ட கடன் தீராது.

பதினைந்தாம் நாள் வலிப்பு வந்தது. எம்ஆர்ஐ எடுத்தார்கள்; நார்மல். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. நரம்பியல் மருத்துவர் அந்த நிம்மதியை உடனே நிறுத்தினார். உடம்பின் நோயெதிர்ப்பு அமைப்பே மூளையைத் தாக்கும் ஒரு வகை மூளை அழற்சியாக இருக்கலாம், அதில் எம்ஆர்ஐ நார்மலாக இருப்பது சகஜம், அதை வைத்து ஒன்றும் இல்லை என்று முடிவு கட்ட முடியாது என்றார். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜியில் அலைகள் மெதுவாக இருந்தன. ரத்தத்தில் தைராய்டு, லூபஸ், பி12, எச்ஐவி, சிபிலிஸ் என்று ஒரு நீளப் பட்டியல். பாலுறவில் பரவும் நோயான சிபிலிஸுக்கு எதற்குச் சோதனை என்று அம்மா பதறிப்போனார். ஒரு காலத்தில் மனநலக் காப்பகங்களில் இருந்தவர்களில் பலருக்கு அந்தக் கிருமி மூளைக்குப் போனதுதான் நோயே, பென்சிலின் வந்த பிறகுதான் அந்தக் கூட்டம் குறைந்தது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

பதினேழாம் நாள் முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். அவளை ஒருக்களித்துச் சுருட்டிப் படுக்க வைத்து, நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஊசியின் முனையிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சின்னக் குழாயில் விழுந்தது. பளிங்கு மாதிரித் தெளிவாக இருந்தது. இவ்வளவு தெளிவான நீரில் என்ன தப்பு இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். ரத்தத்தோடு நிறுத்தாமல் இந்த நீரையும் ஏன் சோதிக்கிறார்கள் என்பது எங்கள் மாதிரிக் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேடுவது மூளையைத் தாக்கும் எதிர்ப்பொருட்களை. நோய் இருந்தும் அவை ரத்தத்தில் காட்டாமல் போகலாம். நோயே இல்லாதவர் ரத்தத்தில் கொஞ்சம் காட்டவும் செய்யலாம். தண்டுவட நீரில் வரும் முடிவுதான் உறுதியானது.

முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை காத்திருக்க டாக்டர் தயாராக இல்லை. வைரஸுக்கான மருந்து முன்பே ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டாம் நாள், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டும் ஏற ஆரம்பித்தது: மெத்தில்பிரெட்னிசலோன், நாளைக்கு 1 கிராம், ஐந்து நாள்.

முடிவு வந்தது. ஆன்டி-என்எம்டிஏ ரிசெப்டார் என்செபலைட்டிஸ். ஜோசெப் டால்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2007இல்தான் இதைக் கண்டறிந்து சொன்னார்கள். அதற்கு முன்பு இப்படி வந்தவர்களுக்கெல்லாம் என்ன பெயர் வைத்திருப்பார்கள், எந்த வார்டில் படுத்திருப்பார்கள் என்ற எண்ணம் இன்றும் என்னைத் தூங்க விடுவதில்லை.

டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டினார். நரம்பணுவின் மேல் என்எம்டிஏ ஏற்பி என்று ஒன்று இருக்கிறது. நினைவுக்கும் யோசனைக்கும் அது வேண்டும். கெட்டமைன் என்ற மயக்க மருந்து இதே ஏற்பியைத்தான் அடைக்கிறது; அந்த மருந்தில் சிலருக்குப் பிரமைகள் வருவது அதனால்தான். இவள் உடம்பின் எதிர்ப்பொருட்கள் அந்த ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு, அவற்றை அணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துவிட்டன. "அணு சாகலை. எதிர்ப்பொருளை எடுத்துட்டா ஏற்பி திரும்ப மேலே வரும்" என்றார். அந்த இரண்டு வாக்கியங்களைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த மாதத்தை ஓட்டினோம்.

ஸ்டீராய்டுக்குப் பிறகு இம்யூனோகுளோபுலின், அதாவது பிறர் தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருட்கள். உடல் எடை ஒரு கிலோவுக்கு 0.4 கிராம் என்று கணக்கு. இவள் 50 கிலோ, ஆக தினமும் 20 கிராம், ஐந்து நாள். இரண்டு வாரம் எந்த மாற்றமும் இல்லை. இதற்கிடையில் வயிற்று ஸ்கேனில் இடது சினைப்பையில் சின்னக் கட்டி ஒன்று தெரிந்தது. டெரட்டோமா. அதற்குள் முடி, தோல், நரம்புத் திசுகூட வளர்ந்திருக்கும். கட்டியில் இருக்கும் நரம்புத் திசுவை எதிர்க்கக் கிளம்பிய நோயெதிர்ப்பு அமைப்பு, மூளையில் இருக்கும் அதே ஏற்பியையும் சேர்த்துத் தாக்குகிறது. இந்த நோய் வரும் இளம்பெண்களில் பலருக்கு இந்தக் கட்டி இருக்கும். எல்லோருக்கும் இருக்காது. எடுத்தார்கள். அதன் பிறகு ரிடுக்சிமாப், நோயெதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையைக் குறைக்கும் மருந்து.

நாற்பத்தேழாம் நாள் காலையில் அவள் உதடு அசைந்தது. பழைய மெல்லும் அசைவுதான் என்று நினைத்து நோட்டை எடுத்தேன். "அக்கா, தண்ணி" என்றாள்.

அடுத்து வந்ததைப் பற்றி முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் அவ்வளவு உடைந்திருக்க மாட்டோம். பேச்சு திரும்பிய சில நாளில் சந்தேகமும் திரும்பியது. நர்ஸ் ஊசியில் ஏதோ கலக்கிறார் என்றாள், கத்தினாள், தூங்கவில்லை. நோய் மறுபடி வந்துவிட்டது என்று அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். இந்த நோய் வந்த வழியே திரும்பிப் போகும் என்று அப்போதுதான் சொன்னார்கள். கடைசியில் வந்த விறைப்பு முதலில் போகும். முதலில் வந்த பயமும் தூக்கமின்மையும் கடைசியில். நோட்டைப் பின்பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய அப்படியேதான் நடந்துகொண்டிருந்தது. இந்தக் கட்டத்தில் மனநல மருத்துவர் கொடுத்த குறைந்த அளவு மருந்தும் தூக்கமும் ரொம்ப உதவின. நரம்பு நோய் என்று தெரிந்துவிட்டது, இனி மனநல மருத்துவர் எதற்கு என்று உறவினர் ஒருவர் கேட்டார். இருவருமே வேண்டியிருந்தார்கள்.

577 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் பத்தில் எட்டுப் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். சிகிச்சை சீக்கிரம் தொடங்கியவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். அதனால்தான் அந்த 18 நாட்களை நான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள பெரும்பாலானவர்களுக்கு இருப்பது இந்த நோய் அல்ல. மனச்சிதைவுக்கும் நோயெதிர்ப்பு அமைப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்பது உண்மை; 2016இல் சி4 என்ற நோயெதிர்ப்பு மரபணுவின் சில வடிவங்கள் அந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று காட்டினார்கள். ஆனால் அதை வைத்து யாரும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஸ்டீராய்டு கேட்டுப் போகக் கூடாது. ஸ்டீராய்டே சிலருக்கு மனக்குழப்பத்தைக் கொண்டுவரும். நான் சொல்வது வேறு. சில வாரங்களுக்குள் திடீரென்று ஆளே மாறிப்போய், கூடவே காய்ச்சல், வலிப்பு, வாய் அசைவு, விறைப்பு, பேச்சுக் குறைதல், மருந்துக்கு உடம்பு தாங்காமல் போவது என்று ஏதாவது இருந்தால், மூளை அழற்சியாக இருக்குமா, தண்டுவட நீரைச் சோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். தேதியோடு எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

இரண்டு வருடம் ஆகிறது. அந்த ஒரு மாதம் அவளுக்குச் சுத்தமாக நினைவில் இல்லை. களைப்பாக இருந்தால் இன்னும் பெயர்கள் மறக்கின்றன. படிப்பை ஒரு வருடம் தள்ளித் தொடர்ந்தாள், முடிக்கப்போகிறாள். போன மாதம் நோட்டைக் கேட்டு வாங்கி முழுக்கப் படித்தாள். பதின்மூன்றாம் நாள் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றாள். கை அப்படியே நின்றது என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "நீ எவ்வளவு நேரம் கழிச்சு இறக்கிவிட்ட?" என்று கேட்டாள். அதை நான் எழுதியிருக்கவில்லை. உடனேதான் என்றேன்.