அன்பியக் குறிப்பேடு: கிருஷ்ணகிரி, அக்டோபர்–நவம்பர் 2025

அக்டோபர் 26, ஞாயிறு

அன்பியக் கூட்டம், அதாவது பங்கின் அண்டைவீட்டுக் குடும்பங்கள் கூடும் செபக்கூட்டம், முடிந்த பிறகும் பெண்கள் சிலர் கலையாமல் நின்று கல்லறைத் திருநாளுக்குப் பூ வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒருவர் குரலைத் தாழ்த்தி, சென்ற ஆண்டு தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்ட மாந்தோப்புக் குத்தகைக்காரரின் கல்லறைக்கும் மந்திரிப்பு (பங்குத்தந்தை செபித்துத் தீர்த்தம் தெளிப்பது) உண்டா என்று கேட்டார். கேட்டவர் கெட்டவர் அல்லர். அப்படி இறந்தவர்களுக்குத் திருச்சபையில் இடமில்லை என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர். பாட்டி சொன்னதும் பொய்யன்று. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, மனமறிந்து தற்கொலை செய்துகொண்டோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-இல் வந்த இன்றைய தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992-இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு, அச்செயலைப் பெருந்தவறு என்று சொன்ன கையோடு, கடுமையான மனநோயும் வேதனையும் அச்சமும் ஒருவரது பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களது மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் 2282, 2283 ஆகிய எண்களில் கூறுகிறது. சட்டம் மாறி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஊர்வாய் மாறவில்லை.

அவர் எப்படி இறந்தார் என்பதை நான் எழுதப்போவதில்லை. கடன்தான் காரணம் என்று ஒரே சொல்லில் முடிப்பதும் சரியன்று. பெங்களூரா மாங்காயின் விலை சரிந்து கடன்பட்டவர்கள் இம்மாவட்டத்தில் ஏராளம். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் உயிரோடுதான் இருக்கிறார்கள். அவருக்குக் கடனோடு குடியும் தூக்கமின்மையும் மாதக்கணக்கில் யாரோடும் பேசாத மௌனமும் சேர்ந்திருந்தன.

அக்டோபர் 29, புதன்

அவருடைய மனைவியைப் பார்க்கப் போனேன். முறத்தில் கேழ்வரகைப் போட்டுவிட்டுப் புடைக்காமல் உட்கார்ந்திருந்தார். வீட்டில் தீய ஆவி இருப்பதாகவும், உபவாசம் இருந்தால் நீங்கிவிடும் என்றும் செபக்குழு ஒன்று வந்து சொல்லிச் சென்றிருக்கிறது; ஏற்கெனவே சாப்பாடு இறங்காத பெண்ணுக்கு உபவாசம்! கணவர் நரகத்தில் இருப்பாரா என்று என்னிடம் கேட்டார். மறைக்கல்வி ஏட்டில் இருப்பதைச் சொன்னேன். அவர் அழவில்லை, அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது.

ஆகவே நேராகவே கேட்டேன்: "செத்துப்போயிடலாம்னு உனக்குத் தோணுதாம்மா?" அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள், உலக சுகாதார நிறுவனம் உட்பட இத்துறையில் பணியாற்றுவோர் பலரும் சொல்வது அதற்கு நேர்மாறானது. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் பாரம் இறங்குகிறது. அவரும் நெடுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "ராத்திரியில தோணுது டீச்சர். புள்ளைங்க மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்குவேன்" என்றார்.

அதன் பிறகு நான் செய்தவை மிகச் சாதாரணமானவை. மாமியாரை அழைத்து மூவருமாகப் பேசினோம். தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்துகளை எல்லாம் மாமியாரின் தம்பி அன்றே தம் வீட்டுக்கு எடுத்துச் சென்று பூட்டி வைத்தார். தீவிரமான எண்ணம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணியக்கூடியது என்பதால், அந்த நேரத்தில் ஆபத்தானது கைக்கு எட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காக்கிறது. இரவு மாமியார் பக்கத்தில் படுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம் என்று சொல்லி, அரசின் மனநல உதவி எண்ணான 'டெலி மானஸ்' 14416-ஐயும் மாநில சுகாதார உதவி எண் 104-ஐயும் சமையலறை நாள்காட்டியில் பெரிதாக எழுதினேன். செபம் கடைசியில்தான் செய்தோம், அதுவும் சுருக்கமாக.

அக்டோபர் 30, வியாழன்

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். சாக நினைத்ததைச் சொன்னால் போலீஸ் வழக்கு வருமா என்று வழியெல்லாம் மாமியாருக்குக் கவலை. நினைப்பதற்கு வழக்கே கிடையாது. முயன்றவரைக்கூட, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதித் தண்டனையிலிருந்து விலக்குகிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்கும் கடமையை அரசின் மீது சுமத்துகிறது.

மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். மாத்திரையின் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் நிறுத்திவிடக் கூடாது என்று மாமியாரிடமும் தனியாகச் சொன்னார்.

நவம்பர் 2, ஞாயிறு, கல்லறைத் திருநாள்

பங்குத்தந்தை மற்றவர்களின் பெயர்களோடு அவர் பெயரையும் வாசித்தார். கல்லறையில் தீர்த்தம் தெளித்தார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை, சொல்லாததே நன்று. மந்திரிப்பைப் பற்றிக் கேட்ட அந்த அம்மாளும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தார்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்றைய அன்பியக் கூட்டத்தில் எலியாவை எடுத்துக்கொண்டோம். கர்மேல் மலையில் வெற்றி பெற்ற இறைவாக்கினர், அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு கடவுளிடம் கேட்கிறார். வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டியெழுப்பி, தணலில் சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பி உண்ண வைக்கிறார். "இங்கே என்ன செய்கிறாய்?" என்ற கேள்வியைக் கடவுள் ஓரேபு மலையில்தான் கேட்கிறார். துன்பத்தில் வீழ்ந்த யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாய் திறவாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள்.

மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு என்றார் பெரியவர் ஒருவர். விவிலியத்திலேயே பதில் இருந்ததால் வாதாடத் தேவைப்படவில்லை. சீராக் நூலின் 38-ஆம் அதிகாரத்தை அவரையே வாசிக்கச் சொன்னோம்: மருத்துவரைப் படைத்தவரும் ஆண்டவர், மருந்தை நிலத்திலிருந்து விளைவித்தவரும் ஆண்டவர், நோயுற்றால் மன்றாடு, மருத்துவருக்கும் இடம் கொடு. வாசித்து முடித்தவர், "ரெண்டும்னு போட்டிருக்கு" என்று மட்டும் சொன்னார். முழுமையாக ஒப்புக்கொண்டார் என்று நான் நினைக்கவில்லை.

வருகிற 13-ஆம் தேதி மீண்டும் மருத்துவமனை. மாமியாருக்கு அன்று நூறு நாள் வேலை இருப்பதால், மந்திரிப்பைப் பற்றிக் கேட்ட அம்மாள் துணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். காலை ஏழரை மணிப் பேருந்து.