வைரஸ் தயார், அறைதான் சூடு

ஆர்என்ஏவை அப்படியே வெட்டி ஒட்டுவது கடினம். எனவே வைரஸின் ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுத்து, பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் வைத்து, வேண்டியதைச் சேர்த்து, மீண்டும் வைரஸாக எழ வைக்கிறார்கள். போலியோ வைரஸில் விஞ்ஞானிகள் ரக்கனியெல்லோவும் பால்டிமோரும் 1981இல் காட்டிய வழி இது. முனைவர் பட்ட ஆய்வில் எனக்கு வாய்த்தது மனிதரைத் தொடாத, செடிகளைத் தாக்கும் டொபாக்கோ ராட்டில் வைரஸ். தக்காளியில் ஒரு மரபணுவை அடக்கிப் பார்க்க அதுதான் கருவி: செடியின் மரபணுத் துண்டை வைரஸில் செருகினால், வைரஸை எதிர்க்கும் செடி தன் அந்த மரபணுவையும் சேர்த்தே அடக்கிவிடும்.

முதலில் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி. மண்ணில் வாழ்ந்து வேர்களைத் துளைக்கும் நுண்ணிய நூற்புழுக்கள் இவ்வைரஸைப் பரப்பிவிடாதா என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. இவ்வைரஸில் இரண்டு ஆர்என்ஏ துண்டுகள் உண்டு. பெருகவும் செடிக்குள் நகரவும் வேண்டியவை முதல் துண்டில். உறைப் புரதம் இரண்டாவதில். நூற்புழு வழிப் பரவலுக்கு உதவும் மரபணுவும் இரண்டாவதில்தான் இருக்கும். எங்கள் பிளாஸ்மிட்டில் அதை நீக்கிவிட்டு, அந்த இடத்தில்தான் நமக்கு வேண்டிய துண்டைச் செருகுகிறோம். இதை எழுதிக் கொடுத்ததும் ஒப்புதல் வந்தது.

குளோனிங் எளிதாக முடிந்தது. முறை வேலை செய்கிறதா என்று பார்க்க, கரோட்டினாய்டு என்ற இலை நிறமி உருவாகத் தேவையான பைட்டோயீன் டிசாச்சுரேஸ் மரபணுவின் துண்டைச் செருகி, புகையிலையின் உறவான நிக்கோடியானா பெந்தாமியானா செடியில் சோதித்தோம். வைரஸை எதிர்க்கும் மரபணுக்களில் ஒன்று இச்செடியில் பழுதாகியிருப்பதால் எளிதில் மசியும். இரு ஆர்என்ஏ துண்டுகளுக்கும் உரிய இரு பிளாஸ்மிட்டுகளையும் தனித்தனியே சுமக்கும், செடிக்குள் டிஎன்ஏவைச் செலுத்தவல்ல அக்ரோபாக்டீரியக் கரைசல்களைச் சம அளவில் கலந்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் இலையின் அடிப்பக்கத்தில் அழுத்திச் செலுத்த வேண்டும். இலை ஈரமாகிக் கருமை படர்வதைக் காண்பதில் ஒரு திருப்தி.

மரபணு அடங்கினால் கரோட்டினாய்டு உருவாகாது. அந்தக் காப்பு இல்லாத பச்சையம் வெளிச்சத்திலேயே சிதைந்து இலை வெளுக்கும். ஊசி போட்ட இலை பச்சையாகவே இருக்கும், பிறகு துளிர்ப்பவைதான் வெளுக்கும். இதை அறியாத புதியவர்கள் பழைய இலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எங்களுக்கோ துளிரும் திட்டுத் திட்டாகத்தான் வெளுத்தது. பிளாஸ்மிட்டை மறுபடி வரிசைப்படுத்தினோம்; எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. சிக்கல் அறையில். 22 டிகிரிக்கு அருகே இருக்க வேண்டிய இடம், கோடை மின்வெட்டில் முப்பதைத் தாண்டியிருந்தது. வெப்பம் ஏறினால் மரபணுவை அடக்கும் இந்த விளைவு தளரும். ஆய்வுக் கட்டுரைகளில் அரை வரியில் முடிகிற 'வளர்ப்பறை' என்ற சொல்லுக்குப் பின்னால் ஜெனரேட்டர், ஏசி மெக்கானிக், கொள்முதல் கோப்பு எல்லாம் இருக்கின்றன. ஏசி சரியானதும், அதே கரைசல் செலுத்திய அடுத்த தொகுதியில் துளிர்கள் முழு வெள்ளையாக விரிந்தன.

தொடங்குபவர்களுக்கு ஒன்று: ஒப்பீட்டுக்கு எந்தத் துண்டும் செருகாத வெற்று வைரஸை மட்டும் நம்பாதீர்கள், அது செடியைக் கூடுதலாக வாட்டும். செடியில் இல்லாத ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) மரபணுவின் துண்டைச் செருகிய வைரஸே நியாயமான ஒப்பீடு. நான் தேடும் தக்காளி மரபணு அடங்கினாலும் நிறம் மாறாது. அதனால் அந்த மரபணுவின் ஆர்என்ஏ எவ்வளவு குறைந்தது என்பதை ஆர்டி-பிசிஆர் முறையில் அளந்துதான் பார்க்க வேண்டும். இப்போது அதில்தான் இருக்கிறேன்.