பசியோடு மல்லுக்கட்டி எடை குறையாது

எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்த மறுநாளே பெரும்பாலானவர்கள் கைவைப்பது சாப்பாட்டின் அளவில்தான். காலையில் ஒன்றுமில்லை, மதியம் பாதித் தட்டு, ராத்திரிக்கு ஒரு ஆப்பிள். முதல் வாரத்தில் எடை மெஷின் ஒன்றரை, இரண்டு கிலோ குறைத்துக் காட்டும், மனசும் குளிர்ந்துவிடும். ஆனால் அதில் பெரும்பகுதி கொழுப்பே இல்லை, தண்ணீர். நம் உடம்பு ஈரலிலும் தசையிலும் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவத்தில் சேமித்து வைக்கிறது, அதன் ஒவ்வொரு கிராமோடும் கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணீர் சேர்ந்தே இருக்கும். சாப்பாடு குறைந்ததும் முதலில் கரைவது இந்தக் கையிருப்பு, கூடவே அந்தத் தண்ணீரும் போய்விடும். மறுபடி ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த சில நாட்களில் அந்த எடை திரும்பி வந்து நிற்கும், உடனே "எனக்கு மன உறுதியே இல்லை" என்று தன்னையே திட்டிக்கொள்வார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். உங்களைத் தினமும் பசியோடு வைத்திருக்கும் எந்தச் சாப்பாட்டு முறையும் நீடிக்காது, எவ்வளவு கெட்டிக்காரத்தனமான டயட்டாக இருந்தாலும் சரி. வயிறு நிறைய வேண்டும், ஆனால் கலோரி குறைய வேண்டும். இரண்டும் சேர்ந்தே நடக்கக்கூடியதுதான்.

பசி என்ன செய்யும் என்பதற்கு 1944, 45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி நடத்திய சோதனையை விடத் தெளிவான சாட்சி வேண்டாம். நல்ல உடல்நலமுள்ள 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் சாப்பாட்டை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள். அவர்கள் எடையில் கால்வாசியை இழந்தார்கள், சரி, ஆனால் கூடவே எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், சோர்வு, எதிலும் ஆர்வமில்லாமல் போவது என்று எல்லாம் வந்தது. சமையல் குறிப்புகளைப் படித்துக்கொண்டே இருந்தார்கள், தட்டை நக்கினார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் சிலர் எவ்வளவு சாப்பிட்டும் நிறையவில்லை என்றார்கள். இவர்கள் போர்க்காலத்தில், கொள்கைக்காகத் தாங்களாகவே முன்வந்து இதில் சேர்ந்தவர்கள். அவர்களுக்கே இப்படி என்றால், அலுவலகம், குழந்தைகள், வீட்டு வேலை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பட்டினியும் கிடக்க வேண்டும் என்று ஒருவரிடம் எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

இதற்குப் பின்னால் இருக்கும் வேதியியலும் இப்போது தெரியும். கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994-இல் கண்டுபிடித்தார்கள், போதுமான கையிருப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது அதுதான். வயிற்றில் சுரக்கும் கிரெலின் பசியைக் கிளப்பும். எடை குறைந்தால் லெப்டின் இறங்கும், கிரெலின் ஏறும். 2011-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், கடுமையான டயட்டில் எடை குறைத்தவர்களை ஒரு வருடம் கழித்துப் பரிசோதித்தபோதும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை, பசியும் முன்னைவிட அதிகமாகவே இருந்தது. அதனால் எடை குறைந்தபின் பசி கூடுவது உங்கள் குணக்கேடு இல்லை, உடம்பின் இயல்பு. அதற்கு ஏற்ற மாதிரி சாப்பாட்டை அமைத்துக்கொள்வதுதான் வேலை.

எப்படி அமைப்பது என்பதற்கு கெவின் ஹால் என்ற விஞ்ஞானி அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் நடத்தி 2019-இல் வெளியிட்ட சோதனை எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பலமடங்கு பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத சாதாரண உணவு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டிலும் பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு, வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். பதப்படுத்திய உணவு கொடுத்த வாரங்களில் ஒவ்வொருவரும் நாளுக்குச் சராசரியாக 500 கலோரி அதிகம் சாப்பிட்டு ஏறக்குறைய ஒரு கிலோ ஏறினார்கள், மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கினார்கள். யாரையும் யாரும் கட்டுப்படுத்தவில்லை. மெல்ல வேண்டிய அவசியம் இல்லாத, சின்ன அளவில் நிறைய கலோரி அடங்கிய உணவு, வயிறு "போதும்" என்று சொல்வதற்குள் உள்ளே போய்விடுகிறது.

ஆகவே முதல் வேலை, பாக்கெட்டைப் பிரித்ததும் அப்படியே வாயில் போடும் பொருட்களைக் குறைப்பது. பிஸ்கட், சிப்ஸ், இனிப்பு சேர்த்த காலை உணவுத் தானியங்கள், கேக், பதப்படுத்திய இறைச்சி. முற்றிலும் விலக்கு என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் வீட்டில் அவை கண்ணில் படும் இடத்தில் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டு மேசைமேல் இப்போது பழம் மட்டும்தான் இருக்கிறது. நாள் முழுக்க ஒரு பொருளைப் பார்த்துப் பார்த்து வேண்டாம் என்று மறுத்துக்கொண்டே இருப்பதைவிட, கடையிலேயே ஒருமுறை மறுத்துவிடுவது எவ்வளவோ சுலபம்.

அடுத்தது தட்டு. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, புரதமும் மாவுச்சத்தும் 4, நாருக்கு அதைவிடக் குறைவு, தண்ணீருக்கு ஒன்றுமே இல்லை. இந்த ஒரு கணக்கு போதும். காய்கறியும் கீரையும் பழமும் பெரும்பாலும் தண்ணீரும் நாரும்தான், அதனால் தட்டின் பாதியை அவற்றால் நிரப்பினால் சாப்பாட்டின் அளவு குறையாமலே கலோரி இறங்கிவிடும். 1995-இல் வெளிவந்த சிட்னி பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, இரண்டு மணி நேரம் எது எவ்வளவு பசி தாங்குகிறது என்று பார்த்தார்கள். முதலிடத்தில் வந்தது அவித்த உருளைக்கிழங்கு! வெள்ளை ரொட்டியைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் பசி தாங்கியது. வெண்ணெய் நிறையச் சேர்த்த க்ருவாசான் கடைசி இடம், வெள்ளை ரொட்டியில் பாதிகூட இல்லை. எடை குறைக்க உருளைக்கிழங்கைத்தான் முதலில் ஒதுக்க வேண்டும் என்று எத்தனை பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதே கிழங்கை எண்ணெயில் பொரித்தால் கதை வேறு, அதில் தண்ணீர் போய் எண்ணெய் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி, எந்த எண்ணெயாக இருந்தாலும் சரி. "இது நல்ல எண்ணெய்" என்பது இதயத்துக்குப் பொருந்தலாம், கலோரிக் கணக்கு மாறாது. பாட்டிலை அப்படியே சாய்த்து ஊற்றினால் ஒரு கரண்டியா மூன்றா என்று யாருக்கும் தெரியாது. அளந்து ஊற்றுங்கள். கொட்டைப் பருப்புகளும் இப்படித்தான், உடம்புக்கு மிக நல்லது, ஆனால் ஒரு கைப்பிடி, கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டும், டப்பாவிலிருந்து நேராக எடுத்துத் தின்னக் கூடாது.

புரதம் இல்லாத டயட்டை நான் டயட்டாகவே ஒத்துக்கொள்வதில்லை. எடை குறையும்போது கொழுப்பு மட்டும் போகாது, தசையும் போகும். அதைக் காப்பாற்றப் போதுமான புரதமும், கூடவே எடை தூக்குவது மாதிரியான தசைப் பயிற்சியும் வேண்டும். இன்னொரு நன்மை, புரதத்தைச் செரிப்பதற்கே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் வரை செலவாகிவிடும், மாவுச்சத்தில் இது 5 முதல் 10, கொழுப்பில் 3-க்கு உள்ளே. பசியும் நன்றாகத் தாங்கும். எடை குறைப்பவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம். முட்டை, மீன், கோழி, தயிர், பருப்பு, பயறு, சோயா, எது உங்களுக்குப் பழக்கமோ அது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கும். முழுக்க இரவுச் சாப்பாட்டுக்கு என்று ஒதுக்கிவிடாமல் ஒவ்வொரு வேளையிலும் கொஞ்சம் வைத்துக்கொண்டால், மாலை நான்கு மணிக்கு எதையாவது கொறிக்கத் தேடும் அந்தக் கைநடுக்கப் பசி பெரும்பாலும் வராது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்த அளவு பொருந்தாது, மருத்துவர் சொல்வதுதான்.

நார்ச்சத்து நாளுக்கு 25 கிராமாவது வேண்டும். பயறும் முழுத்தானியமும் தோலோடு சாப்பிடும் பழங்களும் இருந்தால் வந்துவிடும். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும், மெதுவாகக் கூட்டுங்கள், தண்ணீரையும் சேர்த்து.

அப்புறம் குடிப்பது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்திலிருந்து 2000-இல் ஒரு சின்ன ஆய்வு வெளிவந்தது, தினமும் 450 கலோரி கூடுதலாக, ஒரு மாதம் மிட்டாயாகவும் ஒரு மாதம் இனிப்புப் பானமாகவும் கொடுத்தார்கள். மிட்டாய் தின்ற மாதத்தில் அவர்கள் அறியாமலே மற்றச் சாப்பாட்டைக் குறைத்து அதைச் சரிக்கட்டிவிட்டார்கள், பானம் குடித்த மாதத்தில் சரிக்கட்டவே இல்லை, எடை ஏறியது. குடிக்கும் கலோரியை உடம்பு சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு கேன் கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை. பழச்சாறும் இதில் பெரிதாக வித்தியாசப்படாது, நாரை வடிகட்டி எறிந்துவிட்டுச் சர்க்கரையை மட்டும் வைத்துக்கொள்வதுதானே அது? பழத்தைக் கடித்துத் தின்னுங்கள். ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்று யாராவது என்னிடம் கேட்டால், சர்க்கரை போட்ட பானங்களை நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன். தினம் நாலைந்து முறை சர்க்கரை போட்டு டீயோ காபியோ குடிப்பவர்கள் அந்தச் சர்க்கரையைக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும். மதுவும் கிராமுக்கு 7 கலோரி, அதோடு வரும் நொறுக்குத்தீனி தனி.

மாவுச்சத்தைக் குறைப்பதா, கொழுப்பைக் குறைப்பதா என்ற சண்டைக்கு நான் அதிக நேரம் ஒதுக்குவதில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்து 2018-இல் முடிவை வெளியிட்டது, கொழுப்பைக் குறைத்த குழு சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்த குழு 6 கிலோ குறைந்தது, வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. இரண்டு குழுவுக்குமே சொன்ன பொதுவான அறிவுரை என்ன தெரியுமா, காய்கறி நிறைய, சர்க்கரையும் மைதாவும் குறைவு, வீட்டில் சமைத்த, அதிகம் பதப்படுத்தாத உணவு. நேரம் வைத்துச் சாப்பிடும் விரதமும் இப்படித்தான். 139 பேரை வைத்து 2022-இல் வெளிவந்த ஆய்வில், ஒரே கலோரியில் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டவர்களுக்கும் நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிட்டவர்களுக்கும் எடையில் பெரிய வித்தியாசம் வரவில்லை. உங்களுக்கு வசதியாக இருந்தால் செய்யுங்கள், பசி வாட்டினால் விட்டுவிடுங்கள்.

தூக்கத்தை மட்டும் யாரும் சாப்பாட்டோடு சேர்த்து யோசிப்பதில்லை. குறைவாகத் தூங்கிக்கொண்டிருந்த 80 பேரில் பாதிப்பேரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கவைத்த ஓர் ஆய்வில், எந்த டயட்டும் சொல்லாமலே அவர்கள் சாப்பிட்டது, தூக்கத்தை மாற்றாதவர்களோடு ஒப்பிட்டால், நாளுக்குச் சராசரியாக 270 கலோரி குறைவு. ராத்திரி விழித்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் நாம் என்ன தின்கிறோம் என்று யோசித்தால் பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

எடையைத் தினமும் பார்ப்பதா வேண்டாமா என்பது அவரவர் மனசைப் பொறுத்தது. பார்ப்பதாக இருந்தால் ஒரு நாள் எண்ணைப் பொருட்படுத்தாதீர்கள், உப்பு கூடினாலோ மாதவிடாய் நெருங்கினாலோ ஒரு கிலோ இரண்டு கிலோ ஏறி இறங்கும், வாரச் சராசரியைப் பாருங்கள். வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் அருமை. சில மாதத்தில் அது நின்றுவிடும், ஏனென்றால் சின்னதான உடம்புக்குச் செலவும் குறைவு. அந்த நேரத்தில் பதறிப்போய்ச் சாப்பாட்டை மறுபடி பாதியாக்குகிறவர்கள்தான் கடைசியில் எல்லாவற்றையும் கைவிடுகிறார்கள். எண்ணெய்க் கரண்டி, கொறிப்பது, வார இறுதிச் சாப்பாடு ஆகிய மூன்றையும் ஒரு வாரம் எழுதி வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் கசிவு அங்கேதான் இருக்கும். 90 கிலோ உள்ளவர் 4, 5 கிலோ குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்குவதை மருத்துவர்கள் பார்க்கிறார்கள், இருபது கிலோ குறைந்தால்தான் பலன் என்று இல்லை.

கர்ப்பிணிகளும் வளரும் குழந்தைகளும் இதையெல்லாம் தாங்களாகச் செய்யக் கூடாது, உணவோடு மனதளவில் போராடிக்கொண்டிருப்பவர்களும்தான், அவர்களுக்குக் கலோரி எண்ணுவதே கெடுதல் ஆகலாம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் சாப்பாட்டை மாற்றும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், மாவுச்சத்து குறைந்து மருந்து அதே அளவில் இருந்தால் ரத்தச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடலாம். மருந்தை எவ்வளவு குறைப்பது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.